மூன்று நிறக் கைரேகை

திரையின் நடுவிலிருந்த ஓட்டைக்குள் வலது கையை நீட்டினேன். அந்தப் பக்கத்தில் யாரோ என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"வெண்ணெய் தடவி வளர்த்த கை. தேறாது. அடுத்த ஆள்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஒரு மனுஷனின் கையைப் பார்த்து, முகத்தில் அடித்த மாதிரி இப்படியா சொல்வது? திரும்பினால், கெசாயா அக்கா குங்குமப்பூ பன்னைத் தின்றபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தானேடா சொல்லியிருக்கார். நீ வேலை செஞ்சு நானே பார்த்ததில்லையே."

கெசாயா பாஸ்கோ என்றால் பிளிமத் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் நியூசிலாந்து போகும் கப்பல்களில் கல்யாணமாகாத பெண்களுக்குக் காவலாக ஏழு தடவை போய் வந்தவள். கடல் அலுத்துப்போய், இப்போது ஊரில் காணாமல்போன பொருளையும் புருஷனையும் கண்டுபிடித்துத் தருகிறாள். கதவில் நேராக நுழைய முடியாத உடம்பு; ஊசி முனையில் நுழைகிற மூளை. நான் நெட் பன்ட். அவளுக்கு உதவியாளன், வண்டிக்காரன், வசவு வாங்குகிறவன். முதல் இரண்டுக்குத்தான் சம்பளம்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் ஹொரேஸ் லஸ்கம். பிளிமத்திலிருந்து நியூசிலாந்துக்குக் குடியேறப் போகிறவர்களைப் பொறுக்கி அனுப்பும் அதிகாரி. அந்த நாட்டுக்கு வேண்டியது பால் கறக்கவும் நிலம் உழவும் தெரிந்த பண்ணையாட்கள் மட்டும். இருபது வருஷமாக அங்கே புல் இவ்வளவு உயரம் என்று இடுப்பில் கை வைத்துக் காட்டி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவர் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. டார்பாயின்ட் படகில் ஆற்றைக் கடப்பதற்குள்ளேயே குடலைக் கக்கிவிடுகிற ரகம்.

ஆரம்பத்தில் முகம் பார்த்துத்தான் ஆள் எடுத்தாராம். யாராவது இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், இவரும் கூடச் சேர்ந்து அழுது கப்பலேற்றி விடுவார். அப்படி ஏறிப்போன பண்ணையாட்களில் ஒரு பல் டாக்டரும் ஒரு வயலின்காரரும் இருந்தது தெரிந்து, மேலிடம் இவரை வாங்கு வாங்கென்று வாங்கியது. அன்றைக்கு மாட்டியதுதான் இந்தத் திரை. குமாஸ்தா வெளியே உட்கார்ந்து பேர் ஊர் கேட்பார். இவர் உள்ளே உட்கார்ந்து கையை மட்டும் பார்ப்பார்; தேறின கைக்குப் பேச்சு கிடையாது, முத்திரைதான். முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது இவர் கட்சி.

அக்கா அவருக்குக் கை கொடுத்தாள். கொடுத்த கையை உடனே விடவில்லை.

"ஆபீசர் கை மாதிரி இல்லையே. உப்புத்தாள் மாதிரி இருக்கே" என்றாள்.

அப்பாவின் மாட்டுக்கொட்டிலில் கறந்து வளர்ந்த கை என்று கூச்சத்தோடு சொன்னார் லஸ்கம். இப்போதும் சாயங்காலங்களில் உடற்பயிற்சி மாதிரி ஒன்று உண்டாம். அக்கா தலையாட்டிவிட்டு, விஷயத்துக்கு வாருங்கள் என்றாள்.

விஷயம் கடல் தாண்டித் தந்தியாக வந்திருந்தது. நியூசிலாந்துக்குப் போன வருஷம்தான் தனி அந்தஸ்து கிடைத்திருக்கிறது. புதிதாகச் சாவிக்கொத்து வாங்கின மருமகள் மாதிரி ரொம்பக் கறார். கடைசி இரண்டு கப்பல்களில் வந்த ஆட்களில் பலபேருக்கு மாட்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியவில்லையாம். கறக்கச் சொன்னால் மாடுகளை வட்டமாகக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி, வாயே திறக்காமல், வரிசையாக ஆளுக்கொரு இழுப்பு இழுக்கிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் வரிசையை மாற்றி இழுக்கிறார்கள். ஏதோ செய்வினை வைக்கிறார்கள் என்று பண்ணைக்காரர்கள் பயந்துபோய்விட்டார்கள். இன்று மாலை கிளம்பும் கப்பலிலும் போலி ஆள் வந்து இறங்கினால் லஸ்கமுக்கு வேலையும் போகும், பென்ஷனும் போகும்.

"பசங்க கையில யாரோ காய்ப்பு வரவழைச்சு அனுப்பறாங்க, கெசாயா அம்மா. கப்பல் கிளம்பறதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடுங்க." அவர் கைக்குட்டையை எடுத்தார். "இதுல கொடுமை என்னன்னா, அந்தக் கைகளைத் தொட்டா எனக்கு ஏதோ சொந்தக்காரங்க கை மாதிரி பாசமா இருந்துச்சு."

இந்தக் காலத்துப் பையன்களையே நம்ப முடியவில்லை என்று அவர் தொடர்ந்து புலம்பினார். அவருடைய சாயங்கால உடற்பயிற்சியிலும் இதே கதைதானாம். மெனக்கெட்டுக் கற்றுக்கொடுத்து ஆளாக்கினால், மூன்றே மாசத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறார்களாம்.

கிளம்பும்போது வழக்கமான கெஞ்சலையும் கெஞ்சினார். ஒவ்வொரு கப்பலிலும் குடியேறிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் போகவேண்டும். இந்தக் கப்பலுக்குப் போகவேண்டியவர் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அக்கா போகக் கூடாதா?

"ஏழு தடவை போயாச்சு. நீங்களே போங்களேன்" என்றாள் அக்கா.

அவர் முகம் அங்கேயே பச்சையாகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆடாத தரையில் நின்றுகொண்டு கடல் மயக்கம் வந்த ஒரே மனுஷர் அவராகத்தான் இருப்பார்.

அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியேறிகள் தங்கும் விடுதி. மூட்டைகளும் குழந்தைகளும் அழுகைச் சத்தமுமாக நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே டெவன் சிவப்புக் கறவை மாடுகளை ஒவ்வொன்றாக வயிற்றில் வார் கட்டித் தூக்கி, கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவையும் குடியேறப் போகின்றன. அவற்றின் மடியைத் திரைக்குள் விட்டு யாரும் பரிசோதிக்கவில்லை.

அக்கா பழைய கப்பல் காவல்காரி என்ற ஹோதாவில் ஒரு சுற்று வந்தாள். கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்து, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று வாழ்த்தினாள். பின்னாலேயே போய் நானும் கொடுத்தேன். வாட்டசாட்டமில்லாத ஒரு நெட்டைப் பையன், பெயர் வில்ஃப் ஹானஃபோர்ட், டிரங்குப் பெட்டி மேல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். என்ன வேலை தம்பி பார்த்தாய் என்று கேட்டேன். இன்றைக்கு மழை வராது என்று நினைக்கிறேன் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பீர் குடித்தவனிடம்கூட என்ன வேலை என்று கேட்கமாட்டோம். கேட்டால் மரியாதைக் குறைவு. வானத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

வாசலுக்கு வந்ததும் அக்கா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அங்கங்கே பஞ்சு மாதிரிக் கம்பளிப் பிசிறு ஒட்டியிருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். என் கையிலும் அதே. காய்ப்புக் காய்த்த ஏழு பேரின் கையிலிருந்து வந்தது என்றாள்.

"நியூசிலாந்துல மூணு கலர்ல ஆடு மேயுதாக்கா?"

"அவனுங்க இன்னும் அங்க போகவே இல்லைடா."

"அப்ப கொடி தைக்கிற கம்பெனி ஆளுங்க. இதுல என்ன சந்தேகம்?"

"கொடி தைச்சா விரல் நுனியில ஊசி குத்தும். உள்ளங்கை ஏன் காய்க்குது?"

"கயிறு இழுக்கிற போட்டிக்குப் போயிருப்பானுங்க."

"போடா. கயித்துக்கு எவன்டா ஸ்வெட்டர் போடுவான்?"

சொல்லி முடித்ததும் அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். அவள் மெல்லுவதை நிறுத்தினால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். என்னவென்று கேட்டேன். மீதிப் பன்னை என் வாயில் திணித்தாள்.

அந்த நேரம் பார்த்து வில்ஃப் குழந்தையை முத்தமிட்டு, மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தான். அவன் பின்னால் இன்னும் ஆறு பேர். ஏழு பேரும் சேர்ந்துகொண்டு, கப்பல் நிற்கிற பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், செயிண்ட் பெட்ராக் தெரு வழியாக மேட்டில் ஏற ஆரம்பித்தார்கள்.

"கப்பலேறப் போறவன் மலை ஏறுவானாக்கா?"

"ஏறுவான். பின்னாடியே நடடா."

நடந்தோம். அக்காவுக்காக நாலு இடத்தில் நின்றோம். உச்சியில் செயிண்ட் பெட்ராக் தேவாலயம். ஏழு பேரும் மணிக்கோபுரத்தின் சின்னக் கதவுக்குள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே எட்டு மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவரிசையில் முழங்கத் தொடங்கின. கப்பல் கிளம்பும் நாளில் வழியனுப்பு மணி அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தமாட்டார்கள்.

வட்டமாக நிற்பது, வாய் திறக்காமல் இழுப்பது, வரிசையை மாற்றுவது. நியூசிலாந்து மாடுகள் எதற்கு மிரண்டன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, பாவிப் பசங்க மாட்டுக்கு மணியடிச்சிருக்கானுங்க."

"இப்பவாவது புரிஞ்சுதே. மேல ஏறு."

அந்தச் சுற்றுப்படி ஒல்லியான பாதிரியாருக்காகக் கட்டியது. அக்கா முன்னால், நான் பின்னால் தோள்கொடுத்துத் தள்ள, ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மேலே கயிறு இழுக்கும் அறை. மணிகள் இன்னொரு தளத்துக்கு மேலே இருப்பதால் இங்கே பேசினால் கேட்கும். எட்டுப் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் கை பிடிக்கிற இடத்தில் தடியாகக் கம்பளிக் குஞ்சம் சுற்றியிருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். கயிற்றுக்குப் போட்ட ஸ்வெட்டர்.

எங்களுக்கு முதுகு காட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெரிய மணியின் கயிற்றை இழுத்தபடி ஒருவர் வரிசை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினார்.

சாட்சாத் லஸ்கம்.

என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவரோ எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். இழுப்பை நிறுத்தாமலே கேட்டார்.

"கெசாயா அம்மா, கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"கண்டுபிடிச்சுட்டேன்." அக்கா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஏழு போலிப் பண்ணையாளும், அவங்க கையில காய்ப்பு வரவழைச்ச குருவும், எல்லாரும் இப்ப ஒரே ரூம்லதான் இருக்காங்க."

"எந்த ரூம்?"

"இந்த ரூம்."

மூன்றாவது மணி நாலாவதன் மேல் மோதிக் கரகரத்தது. "வில்ஃப், பார்த்து இழு" என்று லஸ்கம் பழக்கதோஷத்தில் அதட்டினார். பிறகுதான் அக்கா சொன்னது அவருக்குள் இறங்கியது. ஏழு பேரின் கண்ணும் கதவுப் பக்கம் போயிற்று.

"ஓடலாம்னு பார்க்காதீங்க தம்பிகளா" என்றாள் அக்கா. "நடுவுல கயித்தை விட்டா மண்டை உடையும், விடாம தப்பா பிடிச்சா கூரைக்குப் போயிடுவீங்க. உங்க வாத்தியார் முதல் நாளே சொல்லிக் குடுத்திருப்பாரே."

எத்தனையோ கைவிலங்கு பார்த்திருக்கிறேன். குற்றவாளிகளே விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற விலங்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா சாவகாசமாகக் கதையைச் சொன்னாள். அவர்களும் வேறு வழியில்லாமல் மணியடித்துக்கொண்டே கேட்டார்கள்; அவள் விட்ட இடத்தை வில்ஃப் நிரப்பினான்.

முதலில் போனவன் வில்ஃபின் மாமன் மகன், ஒரு முடிதிருத்துகிறவன். ஆசைக்காக இங்கே மணியடித்துக்கொண்டிருந்தான். சும்மா திரைக்குள் கையை நீட்டிப் பார்த்தான். பாஸ் ஆகிவிட்டான். கப்பலேறுமுன் நண்பர்கள் காதில் ஓதிவிட்டுப் போனான்: செயிண்ட் பெட்ராக்கில் மூன்று மாசம் மணியடி, திரை வழி விடும். அவ்வளவுதான், கூட்டம் வந்தது. இளைஞர்களுக்கு மணிமேல் பக்தி வந்துவிட்டதென்று லஸ்கம் பூரித்துப்போய் ஒவ்வொருவனையும் செதுக்கினார். கோபுரத்தில் முகம் பார்த்தார், வேலை என்னவென்று கேட்கவில்லை. அலுவலகத்தில் கை பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல்துறையில் நின்றால் அழுகை வந்துவிடும் என்று அங்கே போகவே இல்லை. அவர் கையாலேயே காய்க்கவைத்த கையை அவரே தொட்டுப் பார்த்துப் பாசப்பட்டிருக்கிறார்.

"வாத்தியாரே" என்றான் வில்ஃப், கயிற்றோடு ஏறி இறங்கியபடி. "அந்தத் திரைக்குப் பின்னாடி நீங்களா?"

லஸ்கம் கயிற்றை இறுகப் பிடித்தார். இன்னும் இரண்டு சுற்று அடித்தார். பிறகு நிறுத்துங்கள் என்றார். மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வழியனுப்பு மணி பாதியில் நின்றது அந்தக் கோபுரத்துக்கு அதுதான் முதல் தடவை. கீழே துறைமுகத்தில் மாடுகள் கத்துவது கேட்டது.

பெரிய மணிக்காரர் நிற்கும் மேடையிலிருந்து லஸ்கம் இறங்கி, ஒவ்வொருவன் முன்னாலும் போய் நின்றார். இத்தனை நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார். தொப்பி செய்கிறவன் என்றான் ஒருவன். பியானோ சரிபார்க்கிறவன். தபாலாபீஸ் குமாஸ்தா. சவப்பெட்டிக்கு மெருகு போடுகிறவன். வில்ஃப் முடிதிருத்துகிறவன். ஒரு பயலுக்கும் மாடு என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் வருவதுதான் தெரியும்.

"சொல்லிக்காம ஓடியிருக்கலாமே. இன்னிக்கு ஏண்டா வந்தீங்க?"

"மூணு மாசம் சொல்லிக் குடுத்தீங்க" என்றான் வில்ஃப். "கடைசியா ஒரு தடவை அடிச்சுக் குடுத்துட்டுப் போகலாம்னுதான்."

லஸ்கம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் விடுதி வாசல் தெரியும். வில்ஃபின் மனைவி ஐவி, பெட்டியோடு வெளியே வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி நின்றாள். வீட்டைக் காலி பண்ணியாயிற்று, தொட்டிலைக்கூட விற்றுவிட்டோம் என்று வில்ஃப் மெதுவாகச் சொன்னான். ஏற்றினால் இவருக்கு வேலை போகும். ஏற்றாவிட்டால் அவர்களுக்குத் தெரு. லஸ்கமின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அழுதுடாதீங்க. இன்னொரு திரை தைக்க வேண்டியிருக்கும்" என்றாள் அக்கா. "ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா உங்களுக்குக் கறக்கச் சொல்லிக் குடுக்க எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்."

"கப்பல்ல மந்தையா கறவை மாடு ஏறியிருக்கு. பயணம் ஆறு வாரம். மேற்பார்வையாளர் இடமும் காலியா இருக்கு."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்தப் பச்சை, கழுத்திலிருந்து காதுவரை ஏறியது.

"கப்பல் ஆடுமே, கெசாயா அம்மா."

"ஆடும். மணி ஆடலையா? இத்தனை வருஷமா அதை நீங்கதானே பிடிச்சு நிறுத்தறீங்க."

அவர் ஏழு முகங்களையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தந்தி ஒன்று கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். போலி ஒருத்தனும் வந்து இறங்கமாட்டான், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், இதுதான் வாசகம்.

அவரைக் கப்பலேற்றியதுதான் அன்றைய பெரிய வேலை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வில்ஃப் ஒரு கையையும் ஐவி ஒரு கையையும் பிடித்து, புதுப் பெண்ணை அழைத்துப்போகிற மாதிரிப் பலகை மேல் நடத்திக்கொண்டு போனார்கள். நங்கூரம் எடுப்பதற்கு முன்பே முதல் வாந்தியை எடுத்துவிட்டார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வேலை முடிந்தது, பீர் குடிக்கப் போகலாம் என்று திரும்பினேன். அக்கா என் காலரைப் பிடித்தாள்.

"வழியனுப்பு மணி பாதியில நிக்குது. எட்டுப் பேரும் கப்பல்ல. மீதியை யாரு அடிப்பா?"

மறுபடியும் அந்தப் படி. மறுபடியும் அந்தப் பீரோ. பெரிய மணியின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, அக்கா தன் பழைய கப்பல் தொலைநோக்கியோடு ஜன்னலுக்குப் போனாள். இழுத்தேன். மேலே ஏதோ டமாரென்றது. கயிறு என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கூரை வரைக்கும் போய், மனம் மாறி இறக்கிவிட்டது. ஊரிலிருந்த நாய் அத்தனையும் குரைத்தது.

"விடாதே. கேட்டுடுச்சு அவருக்கு" என்றாள் அக்கா.

"என்ன பண்றார்?"

"கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தவர் நிமிர்ந்துட்டார்டா. உன் மணி அவரால தாங்க முடியல. கம்பியையே விட்டுட்டு ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்துக் காட்டறார். ஏழு பசங்களும் பக்கத்துல நின்னு அதையே காட்டறானுங்க." தொலைநோக்கியை இறக்கி, முந்தாணை இல்லாத குறைக்கு என் கோட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாந்தி எடுக்கறதையே மறந்துட்டார்டா அந்த மனுஷன். கொஞ்சம் முன்னாடியே இழுக்கணுமாம்."

உள்ளங்கை தீயாக எரிந்தது. முப்பது வருஷத்தில் எனக்கு முதல் கொப்புளம். அதன் மேல் சிவப்பு, வெள்ளை, நீலம் ஒட்டியிருந்தது. எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு குஞ்சத்தைப் பிடித்தேன். அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் முன்னாடி இழுத்தேன்.